கொதிக்காத கஷாயம்

கஷாயம் என்றால் கொதிக்க வேண்டும். நம் வீட்டுப் பாட்டிமார்களுக்கு இந்த விஷயத்தில் இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. சரக்குகளை இடித்துப் போட்டு, எட்டுப் பங்கு தண்ணீர் விட்டு, அது ஒரு பங்காக வற்றும் வரையில் அடுப்பை விட்டு நகர மாட்டார்கள். கொதித்தால்தான் சத்து இறங்கும் என்பது அவர்கள் கட்சி. சீன தேசத்துப் பாட்டிமார்களும் அதே கட்சியைச் சேர்ந்தவர்கள்தாம். அங்கேயும் வைத்தியர் கொடுத்த மூலிகைப் பொட்டலத்தை மண் சட்டியில் இட்டு, கரு நிறமாகக் காய்ச்சி இறுத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பதுதான் வழக்கம்.

ஆகையால், ஒரு பச்சிலையை அடுப்பில் ஏற்றாமல் விட்டதனால் லட்சக்கணக்கான உயிர்கள் பிழைத்தன என்று நான் சொன்னால், கதை எழுதுகிறவன் வழக்கம் போல் சரடு விடுகிறான் என்று வாசகர்கள் நினைக்கலாம். ஆனால் இந்தச் சரித்திரத்தில் நான் சேர்த்தது ஒன்றுமில்லை. சேர்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

அந்தப் பச்சிலைக்குச் சீனத்தில் 'சிங்ஹாவ்' என்று பெயர். பார்வைக்குச் சாதாரணமான செடி. ஆள் உயரத்துக்கு வளரும். இலை நெருக்கமாகக் கிழித்து விட்டாற்போல் இருக்கும். கசக்கினால் வாசனை தூக்கும். நம் ஊர்ப் பெண்கள் தலையில் வைத்துக்கொள்ளும் மரிக்கொழுந்தும், மாசிபத்திரியும் இதற்குப் பங்காளி முறை. தாவர சாஸ்திரிகள் எல்லாவற்றையும் 'ஆர்ட்டிமிசியா' என்ற ஒரே குடும்பப் பெயரில் எழுதி வைத்திருக்கிறார்கள். குடும்பம் ஒன்றுதானே என்று மரிக்கொழுந்தைப் பிழிந்து குடிக்க வேண்டாம். நான் சொல்லப்போகும் சரக்கு மரிக்கொழுந்தில் இல்லை.

சிங்ஹாவ் குணப்படுத்துவதாகச் சீன ஏடுகள் சொன்ன வியாதி விட்டு விட்டு வரும் குளிர்ஜுரம், அதாவது மலேரியா. இந்த வியாதியைப் பற்றி நம்மவர்களுக்கு விஸ்தாரமாகச் சொல்ல வேண்டியதில்லை. தபாலாபீஸில் கொயினாப் பொட்டலம் விற்ற காலம் ஒன்று இருந்தது. அந்தக் கொயினாவும் ஒரு மரப்பட்டையிலிருந்து வந்ததுதான். தென் அமெரிக்காவின் சிங்கோனா மரத்துப் பட்டையைப் பொடி செய்து, மதுவில் கலக்கிக் குடித்துக்கொண்டிருந்த ஐரோப்பியர்கள், ஒரு பட்டை குணப்படுத்துகிறது, இன்னொரு பட்டை ஏமாற்றுகிறது என்று இரு நூறு ஆண்டுகளாகப் புலம்பிக்கொண்டிருந்தார்கள். 1820-இல் பெல்லெத்தியே, கவாந்து என்ற இரண்டு பிரெஞ்சு ரசாயனிகள் பட்டையிலிருந்து மருந்தை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்த பிறகுதான் அந்தப் புலம்பல் ஓய்ந்தது. 1860-களில் நம் நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சர்க்கார் சிங்கோனாத் தோட்டங்கள் போட்டதும், பிறகு நடுவட்டத்தில் கொயினாத் தொழிற்சாலை வைத்ததும் இந்த வரலாற்றின் தொடர்ச்சிதான். மருந்து எந்தச் செடியில் இருக்கிறது என்று தெரிவது பாதி வேலை. அதை வெளியே அழைத்து வருவது மற்றப் பாதி.

கொயினாவுக்குப் பின் குளோரோகுவின் வந்தது. செயற்கை மருந்து, மலிவு, இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு உலகமெல்லாம் அதைத்தான் விழுங்கிற்று. ஆனால் மலேரியாக் கிருமி லேசுப்பட்டதல்ல. 1950-களின் கடைசியிலேயே தாய்லாந்து-கம்போடியா எல்லையில் குளோரோகுவினுக்கு மசியாத கிருமிகள் தலைகாட்டிவிட்டன. அந்தச் சமயம் பார்த்துத்தானா அதற்குப் பக்கத்துக் காட்டில் யுத்தம் மூள வேண்டும்? வியட்நாமில் இரு தரப்புச் சிப்பாய்களும் குண்டுக்குத் தப்பினாலும் கொசுவுக்குத் தப்ப முடியவில்லை. அமெரிக்கர்கள் தங்கள் ராணுவ ஆராய்ச்சி நிலையத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ரசாயனப் பொருள்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். வட வியட்நாம் சீனாவிடம் உதவி கேட்டது.

1967 மே 23-ஆம் தேதி பெய்ஜிங்கில் ஒரு ரகசியக் கூட்டம் நடந்தது. தேதியையே பெயராக வைத்து '523 திட்டம்' என்றார்கள். சீனாவில் அது எப்படிப்பட்ட காலம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். முந்திய ஆண்டுதான் கலாசாரப் புரட்சி தொடங்கியிருந்தது. படித்தவன் என்ற பெயர் எடுத்தவர்களையெல்லாம் வயலில் சேறு மிதிக்க அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சோதனைச்சாலைகள் பூட்டிக் கிடந்தன. அறிவாளிகளைத் துரத்திக்கொண்டே அறிவாளிகளிடம் மருந்து கேட்ட விநோதம் அது.

1969 ஜனவரியில் இந்தத் திட்டத்தின் ஒரு பகுதி பெய்ஜிங்கிலிருந்த சீன வைத்திய ஆராய்ச்சிக் கழகத்துக்கு வந்தது. பொறுப்பை 38 வயதுப் பெண்மணி ஒருவரிடம் ஒப்படைத்தார்கள். அவர் பெயர் தூ யூயூ.

இந்தப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 'யூ யூ' என்பது மானின் குரல். சீனர்களின் புராதனப் பாடல் தொகுதி ஒன்றிலிருந்து அவருடைய தகப்பனார் எடுத்து வைத்த பெயர். அந்தப் பாட்டில் மான்கள் மேய்கின்றன. அவை மேயும் தழைகளில் ஒன்று 'ஹாவ்' என்ற செடி. நம் சிங்ஹாவின் 'ஹாவ்'தான்! நான் ஒரு நாவலில் கதாநாயகிக்கு இப்படிப் பெயர் வைத்துப் பின்னால் அந்தச் செடியையே அவள் கையில் கொடுத்திருந்தால், "இவ்வளவு சௌகரியமாகவா பொருந்தும்?" என்று கண்டித்து அடுத்த தபாலில் கடிதம் வந்திருக்கும். வாழ்க்கைக்கு அந்தப் பயம் கிடையாது.

தூ யூயூ அம்மையார் 1930-இல் நிங்போ நகரத்தில் பிறந்தவர். 16-ஆவது வயதில் க்ஷயரோகம் கண்டு இரண்டு வருஷம் படிப்பை விட்டுவிட்டுப் படுத்திருந்தார். மருந்தைப் பற்றிப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தப் படுக்கையில் பிறந்தது. 1955-இல் மருந்தியல் பட்டம் பெற்றார். பிறகு இரண்டரை ஆண்டு, மேல்நாட்டு முறை படித்தவர்களுக்கென்று நடத்திய வகுப்பில் சீன வைத்தியமும் கற்றார். ஏடும் தெரியும், குடுவையும் தெரியும். இந்தக் காரியத்துக்கு இரண்டும் வேண்டியிருந்தன.

அவருடைய கணவர் உலோகப் பொறியியல் படித்தவர். அவரையும் கிராமத்துக்கு அனுப்பியிருந்தார்கள். வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். மூத்தவளுக்கு நான்கு வயது, இளையவளுக்கு ஒன்று. மலேரியா நேரில் எப்படி இருக்கிறது என்று பார்க்க அம்மையாரை ஹைனான் தீவுக்கு அனுப்பினார்கள். மூத்தவளைக் காப்பகத்திலும், இளையவளை நிங்போவில் தம் பெற்றோரிடமும் விட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது குழந்தைக்குத் தாயை அடையாளம் தெரியவில்லை என்பதைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். வேலைதான் முதலில் என்று அப்போது தமக்குத் தோன்றியது என்றும் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. நாமும் துருவ வேண்டாம்.

அம்மையார் செய்த முதல் வேலை பழைய சுவடிகளைப் புரட்டுவதும், வயதான வைத்தியர்களைத் தேடிப் பேசுவதும்தான். 2,000 மருந்து முறைகள் சேர்ந்தன. அவற்றில் 640-ஐப் பொறுக்கிச் சில மாதங்களில் ஒரு கையேடாக அச்சிட்டுக் கொடுத்தார். பிறகு சோதனை. சுமார் 200 மூலிகைகளிலிருந்து 380-க்கு மேற்பட்ட சாறுகள் எடுத்து, மலேரியா ஏற்றிய எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்.

முதலில் ஆசை காட்டியது எது தெரியுமா? நம் மிளகு! மிளகுச் சாறு எலியின் உடம்பிலிருந்த கிருமியை 84 சதவீதம் அடக்கிற்று. எல்லோருக்கும் உற்சாகம். ஹைனானில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஜுரத்தின் உபத்திரவம் சற்றுத் தணிந்ததே தவிர, ரத்தத்தில் கிருமி அப்படியே உட்கார்ந்திருந்தது. பத்து மிளகிருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம் என்பது நம் பழமொழி. இந்தப் பகைவன் அதற்கும் மசியவில்லை.

சிங்ஹாவும் பட்டியலில் இருந்தது. ஒரு தடவை 68 சதவீதம் பலன் காட்டிற்று. அடுத்த தடவை பார்த்தால் 12 சதவீதம். இன்னொரு தடவை 40. இப்படி ஒரு நாள் வேலை செய்து மறுநாள் மட்டம் போடும் மருந்தை யார் நம்புவார்கள்? அதை ஒதுக்கி வைத்தார்கள். மருந்து அந்தச் செடியில் இல்லாமலில்லை. கொதிக்கிற தண்ணீரிலும் சாராயத்திலும் செடியைப் போட்டு எடுத்த சாற்றில்தான் மருந்து சரியாக இல்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அன்று யாருக்கும் புலப்படவில்லை.

இனி ஒரு 1,600 ஆண்டு பின்னுக்குப் போக வேண்டும். நான்காம் நூற்றாண்டில் தென் சீனாவில் கே ஹூங் என்று ஒருவர் இருந்தார். தாவோ மார்க்கத்துத் துறவி; ரசவாதி; சாகாத மருந்து தேடியவர். நம் சித்தர்களின் ஜாதி என்று வைத்துக்கொள்ளலாம். அவர் ஏழைகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் ஆபத்துக் காலத்தில் உதவும்படி ஒரு சிறு வைத்திய நூல் எழுதினார். அங்கியின் கைக்குள்ளே, முழங்கைக்குப் பின்னால் செருகிக்கொண்டு போகலாம் என்று பெயரிலேயே சொல்லிவிட்டார். நம் நாளில் சட்டைப்பைப் புத்தகம் என்கிறோமே, அப்படி. அதில் குளிர்ஜுரத்துக்குச் சொல்லும் பல முறைகளில் சிங்ஹாவும் ஒன்று. ஒரு கைப்பிடி தழையை இரண்டளவு நீரில் ஊற வைத்து, முறுக்கிப் பிழிந்து, அந்தச் சாறு முழுவதையும் குடிக்கச் சொல்கிறார். அவ்வளவுதான் செய்முறை.

1971-இல் ஒரு நாள் தூ யூயூ அம்மையார் இந்த இடத்தைத் திரும்பவும் படித்தார். முன்பும் படித்த இடந்தான். இந்தத் தடவை அதில் சொல்லியிருப்பது கண்ணில் படவில்லை. சொல்லாமல் விட்டது பட்டது. எங்கே அடுப்பு? எங்கே கொதி? மற்ற மருந்துகளுக்கெல்லாம் காய்ச்சச் சொல்லுகிற சம்பிரதாயத்தில், இதற்கு மட்டும் ஊற வைத்துப் பிழியச் சொன்னால் அதற்குக் காரணம் இருக்க வேண்டுமே! கொதியில் மருந்து கெட்டுப்போகிறதோ?

எனக்கு இந்தச் சரித்திரத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். அந்த நூலை எத்தனையோ பேர் படித்திருப்பார்கள். சமையல் குறிப்பில் உப்பு எவ்வளவு என்று தேடுகிறவர்கள் உண்டு. அடுப்பு மூட்டச் சொல்லவில்லையே என்று கவனிக்கிறவர்கள் அபூர்வம்.

கொதி கூடாதென்றால் வேறு எதில் ஊற வைப்பது? ஈதர் என்ற திராவகம் 35 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அடுப்பில்லாமலே கொதிக்கும் என்று சொல்லலாம். அதில் ஊற வைத்தால் செடியைச் சுட வேண்டியதே இல்லை. அம்மையார் ஈதரைக் கொண்டு சாறு எடுத்து, அதில் விஷத்தன்மையுடைய அமிலப் பகுதியைக் காரத்தினால் கழுவி நீக்கிவிட்டு, எஞ்சியதை எலிகளுக்குக் கொடுத்தார். தோற்றுப்போன மாதிரிகள் எல்லாவற்றுக்கும் எண் போட்டு வந்தார்கள். 191-ஆம் எண் மாதிரி, 1971 அக்டோபர் 4-ஆம் தேதி, எலியின் ரத்தத்தில் ஒரு கிருமியைக்கூட விட்டு வைக்கவில்லை. நூற்றுக்கு நூறு! குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், அங்கும் அப்படியே.

பின்னால் வந்த ஆராய்ச்சி அம்மையாரின் ஊகத்துக்கு ஓர் உப கதையும் சேர்த்திருக்கிறது. இந்த மருந்து தண்ணீரில் சரியாகக் கரையாத பொருள். எண்ணெய்ப் பசையோடுதான் அதற்குச் சிநேகம். பச்சைத் தழையை முறுக்கிப் பிழியும்போது தழையின் எண்ணெய்ப் பசை சாற்றில் கலங்கி வரும். மருந்து அதைப் பிடித்துக்கொண்டு கூடவே வரும். ஆகவே கே ஹூங் அடுப்பை விலக்கியது மட்டுமல்ல, பிழியச் சொன்னதும் விஷயம் அறிந்த கைதான்.

எலியிலிருந்து மனிதனுக்கு வர வேண்டுமானால் மருந்து படி படியாக வேண்டும். தொழிற்சாலைகளோ புரட்சியின் புண்ணியத்தில் நின்று கிடந்தன. அம்மையாரின் குழுவினர் வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்கும் பெரிய தொட்டிகளைக் கொண்டுவந்து, அவற்றில் தழையைப் போட்டு ஈதரை ஊற்றினார்கள். காற்றோட்டத்துக்குச் சரியான ஏற்பாடு இல்லை. முகத்துக்கு நல்ல காப்பு இல்லை. ஈதர் ஆவியோ தலையைச் சுற்றும். ஒரு பொறி பட்டால் கட்டடமே போகும். பலருக்கு உடம்பு கெட்டது. அம்மையாருக்கே ஈரலில் கோளாறு வந்தது.

அடுத்து இன்னொரு தடை. மருந்து கொடுத்த சில மிருகங்களில் விஷக் குறி தெரிந்ததாக ஒரு சாரார் சொன்னார்கள். இல்லை என்று மற்றவர்கள் சொன்னார்கள். மலேரியாப் பருவமோ நெருங்கிவிட்டது. அதைத் தவறவிட்டால் ஒரு வருஷம் போய்விடும். 1972 ஜூலையில் தூ யூயூவும் உடன் வேலை செய்த இருவரும் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துக்கொண்டு தாங்களே மருந்தைக் குடித்தார்கள். ஒன்றும் நேரவில்லை. இப்படிச் செய்யலாமா என்று இன்றைக்கு எந்தக் கமிட்டியைக் கேட்டாலும் கூடாது என்றுதான் சொல்லும். சொல்ல வேண்டியதும் அதுதான். ஆனால் பிறர் வாயில் ஊற்றுவதற்கு முன் தன் வாயில் ஊற்றிக்கொண்ட வைத்தியரைப் பார்க்கும்போது, ஒரு நோயாளியாக எனக்கு மனம் நிறைகிறது.

அந்த ஆண்டே ஹைனானில் 21 நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார்கள். ஜுரம் இறங்கிற்று, ரத்தத்தில் கிருமி மறைந்தது. நவம்பர் 8-ஆம் தேதி குழுவைச் சேர்ந்த சுங் யூரோங் என்பவர் சாற்றிலிருந்து தூய படிகங்களைப் பிரித்தார். 'சிங்ஹாவ்சு' என்று பெயரிட்டார்கள். வெளியுலகம் ஆர்ட்டிமிசினின் என்கிறது. கொயினா முதலான மலேரியா மருந்துகளில் எல்லாம் இருந்த நைட்ரஜன் இதில் இல்லவே இல்லை. இரண்டு ஆக்ஸிஜன் அணுக்கள் கை கோத்து ஒரு பாலம் போல் நிற்கின்றன. மலேரியாக் கிருமி நம் ரத்தத்தைத் தின்னும்போது வெளிப்படும் இரும்பு அந்தப் பாலத்தை உடைக்கிறது; உடைந்த துண்டுகள் கிருமியையே கொல்கின்றன. அது தின்ற சோறே அதற்கு யமனாகிறது.

சிறு சங்கடங்களுக்கும் குறைவில்லை. 1973-இல் மருந்தை மாத்திரையாக்கி ஹைனானுக்கு அனுப்பினார்கள், பலன் காணோம். என்னவென்று பார்த்தால், மாத்திரை கல்லாக இறுகி வயிற்றில் கரையவே இல்லை! பொடியாக்கிக் கூட்டுக்குள் அடைத்துக் கொடுத்ததும் குணம் தெரிந்தது. செடியிலும் குழப்பம். சிங்ஹாவ் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் வழங்கின. மருந்து 'ஆர்ட்டிமிசியா அன்னுவா' என்ற ஒன்றில்தான் உண்டு. அதிலும் தண்டில் இல்லை, இலையில் இருக்கிறது. பூக்கும் தறுவாயில் பறிக்க வேண்டும். பெய்ஜிங் செடியில் சொற்பம், சிச்சுவான் செடியில் அதிகம். யுன்னானிலும் ஷான்டோங்கிலும் இருந்த வேறு குழுவினர் தனியாக இதே சரக்கைப் பிரித்தெடுத்துப் பெரிய அளவில் சோதித்து உதவியதையும் மறைக்கக் கூடாது.

1977-இல் முதல் தடவையாக இந்தப் பொருளின் அமைப்பைச் சீனப் பத்திரிகை ஒன்றில் வெளியிட்டபோது எவர் பெயரும் அச்சாகவில்லை. குழுவின் பெயர் மட்டும் இருந்தது. தனி மனிதனுக்குப் பெயர் கூடாது என்ற காலம். அதன் விளைவாக, இதைக் கண்டுபிடித்தவர் யார் என்று சீன விஞ்ஞானிகளைக் கேட்டபோதே பதில் வரவில்லை. லூயிஸ் மில்லர், சூ ஷின்சுவான் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் பழைய கடிதங்களையும் குறிப்பேடுகளையும் தேடித் துப்புத் துலக்கி, 2011-இல் எழுதிய பிறகே தூ யூயூவின் பங்கு உலகுக்குத் தெரிந்தது. அதே ஆண்டு லாஸ்கர் பரிசு. 2015-இல் நோபல் பரிசில் பாதி. அப்போது அம்மையாருக்கு வயது 84. டாக்டர் பட்டம் கிடையாது, அயல்நாட்டில் படித்ததில்லை, சீனாவின் விஞ்ஞானப் பேரவையில் உறுப்பினராகக்கூட அவரைச் சேர்த்திருக்கவில்லை. 1940-களில் ஆண்டுக்கு 3 கோடிப் பேரை மலேரியா பிடித்து ஆட்டிய அந்தத் தேசத்தை, மலேரியா இல்லாத தேசம் என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் 2021 ஜூன் 30-ஆம் தேதி அறிவித்தது.

இந்த விவரங்களையெல்லாம் நான் ஒரு நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் குறுக்கிட்டு, "அப்படியானால் அந்தச் செடியை வாங்கி வைத்துத் தேநீர் போட்டுக் குடித்துவிட்டால் போகிறது! மாத்திரை எதற்கு?" என்றார். அவர் மட்டுமல்ல, ஆப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நல்லெண்ணம் படைத்த பலர் இதையே சொல்லி வருகிறார்கள். ஆசைக்கு நியாயம் உண்டு. மாத்திரை வாங்கக் காசில்லாதவன் கொல்லையில் செடி முளைக்காதா என்ன?

கணக்குத்தான் இடிக்கிறது. உலர்ந்த இலை 9 கிராம் போட்டு ஒரு லிட்டர் தேநீர் தயாரித்து அளந்து பார்த்திருக்கிறார்கள். அதில் இறங்கிய ஆர்ட்டிமிசினின் சுமார் 94 மில்லிகிராம். ஒரு நாளைக்கு வேண்டிய அளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. குடித்தவனுக்கு ஜுரம் தணியும். குணமாகிவிட்டது என்று வேலைக்குப் போவான். அரை உயிரோடு தப்பிய கிருமி மறுபடி தலை தூக்கும், மருந்தை அடையாளம் தெரிந்துகொண்டு. இதனால்தான் 2012-இல் உலகச் சுகாதார ஸ்தாபனம் இந்தத் தேநீரை மலேரியாவுக்குச் சிபாரிசு செய்ய மறுத்தது. அதற்கு முன்பே, 2006-இல், ஆர்ட்டிமிசினினைத் தனி மருந்தாகக்கூட விற்காதீர்கள், இன்னொரு மருந்தோடு ஜோடி சேர்த்தே கொடுங்கள் என்று கம்பெனிகளைக் கேட்டுக்கொண்டிருந்தது. அப்படியும் 2008 வாக்கில் இந்த மருந்துக்கு மெதுவாகவே அடங்குகிற கிருமிகள் தென்பட்டுவிட்டன. எங்கே என்றால், மேற்குக் கம்போடியாவில், தாய்லாந்து எல்லையை ஒட்டி. குளோரோகுவின் தோற்கத் தொடங்கிய அதே காட்டுப் பக்கம்.

நண்பர் சற்று யோசித்துவிட்டு, "கே ஹூங் காலத்து ஆள் மட்டும் பிழிந்து குடித்துப் பிழைத்தானாக்கும்?" என்றார்.

சிலர் பிழைத்திருப்பார்கள். அவன் பிழிந்தது பச்சைத் தழை. அதுவும் கைப்பிடி நிறைய. சாறு முழுவதையும் குடித்தான். பிழைக்காதவர்களைப் பற்றிச் சட்டைப்பைப் புத்தகங்கள் எழுதுவதில்லை.